நிலைக்கும் பரிசு

ஒரு வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது என்றால், சுற்றியுள்ள பெரியவர் அனைவரும் ஒரே வினாவுக்கு விடை தேடத் தொடங்குகிறார்கள். என்ன பரிசு கொடுப்பது என்பதே அவ்வினா. பெரும்பாலும் விடை கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பளபளக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, வண்ணத்தாள் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பத்து நாட்கள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்று பார்த்தால் என்ன காண்கிறோம்? விசையை அழுத்தியதும் கூவிக்கொண்டு ஓடிய மோட்டார் வண்டி, மின்கலம் தீர்ந்து கட்டிலுக்கடியில் கிடக்கிறது. குழந்தையோ, அந்த வண்டி வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதற்குள் புகுந்துகொண்டு, அதுவே தன் வீடு என்று சொல்லி விளையாடிக்கொண்டிருக்கிறது.

இக்காட்சியைக் கண்டு நாம் நகைத்துவிட்டுப் போய்விடுகிறோம். சற்றே நின்று எண்ணிப் பார்த்தால் இதில் ஓர் உண்மை புலப்படும். வண்டி எல்லாவற்றையும் தானே செய்துவிட்டது. குழந்தைக்கு அதில் வேலை இல்லை. பெட்டி ஒன்றுமே செய்யவில்லை. அதை வீடாக்குவதும், படகாக்குவதும், கோட்டையாக்குவதும் குழந்தையின் பொறுப்பாயின. ஆகவே குழந்தை பெட்டியைத் தேர்ந்துகொண்டது. நல்ல பரிசு எது, நிலைக்கும் பரிசு எது என்னும் ஆராய்ச்சிக்கு இந்த அட்டைப் பெட்டியையே தொடக்கமாகக் கொள்ளலாம்.

நிலைத்தல் என்னும் சொல்லைப் பலர் உடையாமை என்று பொருள் கொள்கின்றனர். அவ்வாறு பார்த்தால் பொன்னே சிறந்த பரிசாகும். நம் நாட்டில் ஆண்டு நிறைவன்றும் காதணி விழாவன்றும் தாய்மாமன் பொன் அணிவிப்பது நெடுநாள் வழக்கம். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. வறட்சி வந்த ஆண்டிலும், படிப்புச் செலவு வந்த காலத்திலும் அப்பொன் குடும்பத்தைக் காத்திருக்கிறது. ஆனால் அது குடும்பத்தின் கைக்குச் சேர்ந்த பரிசு. குழந்தையின் மனத்தில் சேர்ந்த பரிசு வேறொன்றாக இருக்கும்.

இந்த வேறுபாட்டை நம் பழம்புலவர் ஒருவர் அழகாகக் காட்டியிருக்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. அங்கே உணவுப்பொருள் உலர்கின்றது. அதைத் தின்ன வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதிலிருக்கும் கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை, சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியில் தடையாகக் கிடக்கிறது. நகரத்தின் செல்வச் சிறப்பைக் கூறவே புலவர் இதைச் சொன்னார். எனினும் நாம் இதில் மற்றொன்றையும் காணலாம். பெரியவருக்கு அது பொன். தேருருட்டும் சிறுவனுக்கோ, வழியை மறிக்கும் ஒரு தடை. அவனுக்கு வேண்டியது தேர் ஒன்றே. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும், தச்சர் வீட்டு இளைஞர் செய்த தேரைக் குழந்தைகள் கையால் உருட்டி விளையாடியதைக் கூறுகிறார். அது ஏறிச் செல்லும் தேர் அன்று. உருட்டிச் செல்லும் தேர்.

பிற்காலத்தில் எழுந்த பிள்ளைத்தமிழ் நூல்களிலும் இதே கருத்து ஊடாடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் அம்மானையும் ஊசலும் இடம்பெறுகின்றன. பறையைக் குழந்தை தானே கொட்டவேண்டும். தேரைத் தானே இழுக்கவேண்டும். அம்மானைக் காய்களைத் தானே எறிந்து தானே பிடிக்கவேண்டும். மதுரைக்கு அருகில் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த ஆட்டக்காய்களும் பகடைகளும் வட்டச் சில்லுகளும், சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் சிறுவண்டிகளும் இதையே கூறுகின்றன. தானாக இயங்கும் விளையாட்டுப் பொருள் அண்மைக் காலத்துப் புதுமை. குழந்தையின் கை இயக்கும் பொருளே பன்னூற்றாண்டு மரபு.

மேல்நாட்டில் இக்கருத்தை முறையாக ஆராய்ந்து ஒரு கல்வித் திட்டமாக வகுத்தவர் ஜெர்மானியரான பிரெடரிக் ஃபுரோபெல். 1782-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளங்குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது ‘குழந்தைத் தோட்டம்’ என்று பெயர் சூட்டினார். குழந்தைகளுக்கென்று அவர் ஆக்கிய விளையாட்டுப் பொருள்களுக்கு அவர் இட்ட பெயரே ‘பரிசுகள்’ என்பது. முதற்பரிசு, வண்ண நூலால் பின்னிய ஆறு மென்பந்துகள். இரண்டாவது, மரத்தாற் செய்த உருண்டையும் கனசதுரமும் உருளையும். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். இவற்றில் ஓசை இல்லை, ஒளி இல்லை. பிரிப்பதும் சேர்ப்பதும் மட்டுமே உண்டு.

இக்கட்டைகள் 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட தாய் ஒருத்தி தன் ஒன்பது வயது மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தாள். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞராக விளங்கிய பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகளின் வடிவங்கள் முதுமை வரையில் தம் விரல்களில் தங்கியிருந்ததாக அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கட்டைகள் கொடுத்த குழந்தைகள் எல்லாரும் ரைட் ஆகிவிடுவார்கள் என்று நாம் கூற வரவில்லை. ஒரு பரிசு எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு அவருடைய விரல்கள் நல்ல சான்று.

டென்மார்க்கில் பில்லுண்டு என்னும் சிற்றூர்த் தச்சர் ஒருவர் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கியதில் வளர்ந்ததே இன்று பலர் அறிந்த லெகோ கட்டை. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனியச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் இப்போதைய அமைப்புக்கு 1958-ஆம் ஆண்டு காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டில் வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடு பொருந்தும். எட்டுக் குமிழ்கள் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறே கட்டைகளில் இத்தனை வகை! விலையுயர்ந்த பொறி பொம்மை ஒன்றில் செய்யக்கூடியவற்றை ஒரு குழந்தை அரைநாளில் செய்து முடித்துவிடும். இவை ஆறும் ஓர் ஆயுளுக்கும் தீரமாட்டா. இதற்காக அந்தப் பெயருள்ள கட்டையைத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. தச்சுப் பட்டறையில் கழித்த மரத்துண்டுகளை ஒரே அளவாக அறுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாலும் குழந்தைக்கு அது பெருஞ்செல்வமே.

இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரத்தின் ஏழைமக்கள் பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே விலையுயர்ந்த பொம்மைகளும் இருந்தன. ஆனால் குழந்தைகள் அவற்றை ஒதுக்கிவிட்டு, கையால் பொருத்தவும் அடுக்கவும் இடமளித்த எளிய பொருள்களையே நாடியதை அவர் கண்டு வியந்தார். இந்த அம்மையார் 1939-இல் நம் சென்னைக்கு வந்து, அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர் என்பது நமக்கு நினைவிருக்கவேண்டும். உலகப்போரின் காரணமாக 1946 வரை அவர் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது.

குழந்தைக்குச் செயல் தருவது நிலைக்கும் பரிசின் முதல் இலக்கணம் என்றால், உடைந்த பின்னும் வாழ்வது அதன் இரண்டாம் இலக்கணமாகும். உடையாத பொருளைத் தேடி அலைவதைவிட, உடைந்தாலும் முடிந்துபோகாத பொருளைத் தேடுவது மேல்.

1878-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் வெளியூரிலிருந்து வீடு திரும்பும்போது தம் இரு மகன்களுக்கு ஒரு சிறு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, மெல்லிய காகிதம் ஆகியவற்றால் ஆனது அது. முறுக்கிய ரப்பர் நாடா அவிழும்போது அதன் சிறகு சுழன்று, பொம்மை மேலே பறந்தது. மூத்தவன் வில்பருக்கு வயது பதினொன்று. இளையவன் ஆர்வில்லுக்கு ஏழு. மெல்லிய பொருளாதலால் அது விரைவில் உடைந்துபோயிற்று. சிறுவர் இருவரும் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதைப் போலவே தாமே செய்து பறக்கவிட்டார்கள். பின்னர் அதைவிடப் பெரியதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்க மறுத்தது. காரணம் அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், அவ்விருவரும் செய்த விமானம் 12 விநாடிகள் வானில் பறந்து 120 அடி தூரம் சென்றது. ரைட் சகோதரர்கள் தங்கள் முயற்சியின் வரலாற்றைப் பின்னாளில் எழுதியபோது, அந்தப் பழைய பொம்மையிலிருந்தே தொடங்கினார்கள். பொம்மை சில நாட்களுக்குள் உடைந்தது. ஆனால் அதன் அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பொருள்கள் வீட்டிலேயே கிடைத்தன. ஆகவே அது பறப்பை மட்டும் காட்டாமல், பறக்கச் செய்யும் வழியையும் காட்டிற்று. மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இயங்கும் பொறி உடைந்தால் குப்பைக்குத்தான் போகும்.

மூன்றாம் இலக்கணம், வினா எழுப்புவது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் நான்கைந்து வயதுச் சிறுவராக நோயுற்றுப் படுத்திருந்தபோது, அவருடைய தந்தை ஒரு திசைகாட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டியை எப்படித் திருப்பினாலும் முள் வடக்கையே நோக்கியது. யாரும் தொடாமலே ஒரு பொருள் இவ்வாறு கட்டுண்டு நிற்பதற்குப் பின்னால் ஆழ்ந்து மறைந்த ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று தமக்குத் தோன்றியதை அவர் முதுமையில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் நினைவுகூர்ந்தார். திசைகாட்டி பெரும் விலையுள்ள பொருள் அன்று. அது தந்தது ஒரு வியப்பு.

திசைகாட்டிக்கு இணையான பொருள் நம் நாட்டிலும் உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். எத்தனை முறை சாய்த்தாலும் அது எழுந்து நிற்கிறது. அதன் அடிப்பகுதி வளைவாகவும் கனமாகவும், மேற்பகுதி உட்கூடாகவும் அமைந்துள்ளன. ஆகவே அதன் எடையின் மையம் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பொம்மையைச் சாய்க்கும்போது அந்த மையம் சிறிது மேலே எழுகிறது, கையை எடுத்ததும் மீண்டும் தாழ்ந்த நிலையைத் தேடுகிறது, பொம்மை நிமிர்கிறது. கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவருக்கு இது சமநிலைப் பாடம். நான்கு வயதுத் தம்பிக்கு இது மாயம். ‘ஏன் விழவில்லை?’ என்று அவன் கேட்பான். அந்த வினாவை வாங்கித் தருவதற்காகவே பொம்மைக்கு விலை கொடுக்கலாம்.

வினா எழுந்தால் மட்டும் போதாது. விடை சொல்ல ஒருவர் வேண்டும். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் (1896–1987) இளமை இதற்குச் சான்று. சிறுவயதில் அவர் கையில் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதனால் ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய, அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் சிறுவனைத் துரத்திவிடவில்லை. பறவையின் பெயரைச் சொன்னார். பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். துப்பாக்கியை நாம் எந்தக் குழந்தைக்கும் பரிசாகக் கொடுக்கச் சொல்லமாட்டோம். அந்த நிகழ்ச்சியில் உண்மையான பரிசு, ஒரு சிறுவனின் கேள்வியை மதித்து நேரம் ஒதுக்கிய பெரியவரின் பொறுமைதான். அது இல்லையேல் மஞ்சள் தொண்டைக் குருவி, இறந்த ஒரு குருவியாகவே முடிந்திருக்கும்.

இவ்விடத்தில் பரிசைப் பற்றிய மிக முக்கியமான உண்மைக்கு வந்துவிட்டோம். கொடுப்பவரும் பரிசின் ஒரு பகுதியே. இதைப் பணமில்லாமலே நிறுவிக் காட்டியவர் ஜவாஹர்லால் நேரு. 1928-ஆம் ஆண்டு கோடையில் பத்து வயது மகள் இந்திரா முசௌரி மலையில் இருந்தார். தந்தை அலகாபாத்தில் இருந்தார். அப்போது பூமி தோன்றியது முதல் பழைய நாகரிகங்கள் வரை மகளுக்குக் கடிதங்களாக எழுதினார். அவை 1929-இல் நூலாயின. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், பஞ்சாங்க முறைப்படி இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாள் வந்தது. தந்தை நைனிச் சிறையில் இருந்தார். சிறையிலிருப்பவர் கடைக்குப் போக முடியுமா? காகிதமும் பேனாவும் இருந்தன. அன்று அவர் எழுதிய கடிதமே ஒரு நீண்ட வரிசைக்குத் தொடக்கமாயிற்று. 1933 ஆகஸ்டு வரை, வெவ்வேறு சிறைகளிலிருந்து, நூல்நிலைய வசதி ஏதுமின்றி அவர் எழுதிய 196 கடிதங்களே உலக வரலாற்றைக் கூறும் பெருநூலாக இன்று நம் கையில் இருக்கின்றன. உலகையே எழுதித் தர நமக்கு இயலாது. ஆனால் அம்மாவின் ஊரில் பாயும் ஆற்றைப் பற்றி, தாத்தா செய்த தொழிலைப் பற்றி, அந்தக் குழந்தை பிறந்த அன்று வீட்டில் நடந்தவற்றைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி, படம் வரைந்து, தைத்துக் கொடுக்க எந்த மாணவருக்கும் இயலும். ஐம்பது ஆண்டு கழித்தும் அக்குழந்தை அதை எடுத்துப் படிக்கும்.

இனி, பரிசைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். முதலில் குழந்தையின் பருவத்தை அறியவேண்டும். தவழ்ந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு நடைவண்டியை விடச் சிறந்த பரிசு அரிது. மூன்று சக்கரமும் பிடித்து நிற்க ஒரு சட்டமும் உள்ள அவ்வண்டி, சங்ககாலச் சிறுதேரின் உறவு என்றே சொல்லத் தோன்றுகிறது. குழந்தை தள்ளினால்தான் அது நகரும். குழந்தை தன் முயற்சியால் நடந்ததாகவே உணரும். ஒரு வீட்டில் வாங்கிய நடைவண்டி அடுத்த குழந்தைக்கும், அண்டை வீட்டுக் குழந்தைக்கும் போய், ஒரு தெருவையே நடக்கப் பழக்கிவிடும். மூன்று வயதுக்குமேல் பாவனை விளையாட்டுத் தொடங்குகிறது. அப்போது அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச் சொப்புகளும், மரப்பாச்சியும் பொருந்தும். மரப்பாச்சியின் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சிரிக்கவைப்பதும் அழவைப்பதும் குழந்தையின் வேலை. சொப்புச் சாமான் பெண் குழந்தைக்கே உரியது என்று ஒதுக்கவேண்டியதில்லை. சோறு உண்ணும் எல்லாருக்கும் அடுப்பு வேலை உறவுதான். ஐந்து வயதுக்குமேல் பல்லாங்குழி நன்று. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகளும், சோழியோ புளியங்கொட்டையோ கொஞ்சமும் இருந்தால் எண்ணல், பகிர்தல், முன்னறிதல் ஆகிய மூன்றையும் அது கற்பிக்கும். அதைவிட மேலாக, பாட்டியையும் பேரனையும் எதிரெதிரே உட்காரவைக்கும். ஏழெட்டு வயதில் உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், அளவுகோல், சிறு சுத்தியல், வண்ணமும் தூரிகையும் போன்ற உண்மைக் கருவிகளைப் பெரியவர் மேற்பார்வையில் கொடுக்கலாம். பொம்மைச் சுத்தியலால் ஆணி அடிக்க முடியாது என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொள்ளும்.

அடுத்து, காப்பு நோக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் இடும். ஆகவே சிறு உறுப்புகள் கழலக்கூடிய பொருள் அப்பருவத்துக்கு ஆகாது. பல நாடுகளில், ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஓர் உருளைக்குள் அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொண்டு சோதிக்கிறார்கள். அப்படியானால் சோழியும் புளியங்கொட்டையும் கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். காசு வடிவ மின்கலமும் வலிமையான சிறு காந்தமும் மிகக் கொடியவை. விழுங்கிய மின்கலம் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. பதிவுபெற்ற கைவினைஞரின் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு. அவற்றை வாங்கும்போது வண்ணம் கையில் ஒட்டுகிறதா, விளிம்பு கூராக உள்ளதா என்று நாமே பார்த்து வாங்கவேண்டும்.

புத்தகத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். புத்தகம் சிறந்த பரிசு என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். ஆனால் அலமாரியில் ஏறி அமர்ந்துவிடும் புத்தகம், கட்டிலுக்கடியில் கிடக்கும் மோட்டார் வண்டியைவிட மேலானது அன்று. படிக்கத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் கொடுப்பவர், படித்துக் காட்டும் கடமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வாய்விட்டுச் சொல்வதற்காகவே அமைந்தவை. சற்று வளர்ந்தபின், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் போன்ற நூல்களை நூலகத்தில் காட்டலாம். குழந்தையை அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராக்கி, மாதம் ஒருமுறை அழைத்துச் செல்வதாக உறுதி கூறினால், அச்சிறு அட்டையே ஆண்டு முழுவதும் பயன்படும் பரிசு.

மரக்கன்று கொடுப்பதும் நல்வழக்கமே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. குழந்தைக்கு ஓராண்டு என்பது நீண்ட காலம். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம்; அதுவரை ஐந்து வயதுக் குழந்தையின் ஆர்வம் காத்திருக்காது. ஆகவே தென்னங்கன்றோடு சிறிது அவரை விதையும், ஒரு முருங்கைக் கொம்பும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அவரை சில நாட்களில் முளைத்துக் காட்டும். முருங்கை ஓராண்டுக்குள் கீரையும் காயும் தரும். தென்னை அதற்குள் குழந்தையின் உயரத்தைத் தாண்டிவிடும். அளந்து சுவரில் கோடு போடுவதற்கும் அது உதவும்.

சேமிப்பும் பரிசாகலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கென்று 2015-ஆம் ஆண்டு தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு உயிரோடிருக்கும். கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகளில் அது முதிர்வடையும். இது வருங்கால மங்கைக்குக் கொடுக்கும் பரிசு. இன்றைய குழந்தைக்கு அதோடு ஒரு பம்பரமாவது வேண்டும்.

கைபேசியைப் பரிசாகவோ, அழுகையை அடக்கும் கருவியாகவோ குழந்தை கையில் கொடுப்பது இன்று பெருகிவிட்டது. உலக நல்வாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை திரைமுன் அமர்ந்திருப்பதை ஏற்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படக்கூடாது என்றும் கூறிற்று. முதலில் கூறிய மோட்டார் வண்டியின் குறை இதில் பன்மடங்கு. வண்டிக்கு மின்கலமாவது தீர்ந்துவிடும். திரை ஓயாமல் தானே எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கும். குழந்தைக்கு ஒரு வேலையும் வைக்காது.

கொடுக்கும் முறையிலும் பண்பு வேண்டும். பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளின் முன்னிலையில் பரிசுகளைப் பிரித்து, இன்னார் கொடுத்தது இவ்வளவு விலை என்று பேசும் வழக்கம் நல்லதன்று. எளிய வீட்டிலிருந்து ஒரு பென்சில் கொண்டுவந்த குழந்தை அங்கே நிற்கிறது. அதன் முகம் வாடுவதைப் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையும் பார்க்கிறது. அன்பின் அளவு விலையில் இருக்கிறது என்னும் பொய்ப்பாடத்தை இரு குழந்தைகளும் ஒரே நாளில் கற்றுக்கொள்கின்றன. அதை மறக்கச்செய்யப் பிற்பாடு எந்த ஆசிரியராலும் எளிதில் முடியாது. ஒரே நாளில் இருபது பரிசுகள் குவிந்தால் பாதியை எடுத்து வைத்து, மாதம் ஒன்றாகத் தருவது நலம். விளையாடி முடித்த பொருளைத் தானே துடைத்து வேறொரு குழந்தைக்குக் கொடுக்கவும் பழக்கலாம். பெற்ற பரிசு அப்போது இன்னொரு வீட்டில் தொடர்ந்து வாழும்.

இவற்றையெல்லாம் மாணவர்களாகிய உங்களிடம் கூறுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கையில் பணம் குறைவு. ஆனால் தம்பிக்கும் தங்கைக்கும் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் வேண்டிய மற்றொன்று உங்களிடம் நிறைய இருக்கிறது. பம்பரத்துக்குக் கயிறு சுற்றக் கற்றுக்கொடுக்கத் தாத்தாவின் கை நடுங்கலாம். தந்தைக்கு அலுவலகம் இருக்கலாம். உங்களுக்கு மாலையில் அரைமணி நேரம் கிடைக்கும். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பம்பரத்தையும் ஒரு கயிற்றையும் வாங்குங்கள். அது சுழலும் வரையில் அக்குழந்தையின் அருகில் உட்கார்ந்திருங்கள். பம்பரம் ஒரு நாள் தொலைந்துபோகலாம், கயிறு இற்றுப்போகலாம். சுழற்றத் தெரிந்த கை தொலையாது. கற்றுக்கொடுத்தவர் யார் என்பதும் மறக்காது.